மரத்துக்கு எத்தனை ஆண்டு, ஒப்பந்தத்துக்கு எத்தனை ஆண்டு?

"எத்தனை வருடத்துக்குப் போடலாம்?" மர வெட்டு ஒப்பந்தம் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கு வாங்க வந்தவரே பதில் வைத்திருப்பார்: ஐந்து போடுங்கள், இல்லை பத்து போடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஐந்தும் பத்தும் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை. நான் கோலாலம்பூரில் மர வியாபார அலுவலகங்களில் இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தாள்களைத் தயாரித்தவன். இப்போது நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் சின்னக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்கிறேன். நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அந்த ஐந்தும் பத்தும் வாங்குபவரின் இயந்திரக் கடன் தவணையிலிருந்து வந்தவை. புல்டோசருக்கும் லோரிக்கும் வங்கி எத்தனை வருடம் கொடுத்ததோ, அத்தனை வருடம் காடு அவருக்கு வேண்டும். மரம் எத்தனை வருடத்தில் வளரும் என்பது அந்தக் கணக்கில் வரவே வராது.

குறுகிய ஒப்பந்தம் காட்டைக் கெடுக்கும், நீண்ட ஒப்பந்தம் காக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். இப்போது என் முடிவு வேறு. மிகக் குறுகியதையும் சரியாக எழுதலாம், மிக நீண்டதையும் சரியாக எழுதலாம். கெடுப்பது நடுவில் இருப்பது, அதாவது வெட்டி முடிக்கத் தேவையானதைவிட நீளமாகவும் மரம் திரும்ப வளரப் போதாத அளவு குட்டையாகவும் இருக்கும் காலம். எட்டு, பத்து, பதினைந்து, இருபது ஆண்டு எல்லாம் இந்த வகைதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். ரப்பர் கன்று நட்டு ஐந்தாறு வருடத்தில் பால் எடுக்கப் பட்டையைச் சீவ ஆரம்பிப்பார்கள், இருபத்தைந்து முப்பது வருடம் ஆனதும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். நடுவில் இருக்கும் வருடங்களில் பட்டை என்றால் உயிர் மாதிரி. கத்தி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் கங்காணி சத்தம் போடுவார், ஏனென்றால் சீவிய பட்டை திரும்ப வளர்ந்து அதே இடத்தில் மறுபடியும் சீவியாக வேண்டும். ஆனால் இந்த நிரையை வெட்டப் போகிறார்கள் என்று தேதி தெரிந்துவிட்டால் கதை மாறிவிடும். கடைசி ஒன்றிரண்டு வருடம் ஏணி வைத்து மேலேயும் சீவுவார்கள், இரண்டு பக்கமும் சீவுவார்கள், பட்டையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என் அப்பா இரண்டு விதமாகவும் சீவியிருக்கிறார். ஆள் அதே ஆள், கத்தி அதே கத்தி. மரத்துக்கு எத்தனை நாள் பாக்கி என்பது மட்டும் மாறியிருந்தது.

ரப்பர் தோட்டத்தில் அது தப்பில்லை, சாகப் போகும் மரம்தானே. காட்டில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே வெட்டாமல் விட்டுப் போகும் நடுத்தர மரம்தான் அடுத்த முப்பது வருடத்து வருமானம். குத்தகைக்காரருக்குக் கடைசி வருடம் வந்துவிட்டது, அடுத்த முறை தான் இங்கே இருக்கப் போவதில்லை என்று தெரியும் என்றால், அந்த நடுத்தர மரத்தின் மேல் புல்டோசரை ஏற்றாமல் சுற்றிக்கொண்டு போக அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

முதலில் மரத்தின் கணக்கு

ஒப்பந்தத்தை எடுத்து மூலையில் வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் மரத்தின் கணக்கைப் போடுங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.

தீபகற்ப மலேசியாவில் 1978 முதல் நடைமுறையில் இருப்பது தேர்வு வெட்டு முறை. காட்டை மொத்தமாகச் சாய்க்காமல், ஒரு அளவுக்கு மேல் பருத்த மரங்களை மட்டும் எடுப்பது. மெராந்தி, கெருயிங், பாலாவ் சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் 50 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்தால் வெட்டக்கூடாது, அதே குடும்பத்துச் செங்கால் மரத்துக்கு மட்டும் 60, மற்ற இனங்களுக்கு 45. இவை குறைந்தபட்ச எல்லைகள். வெட்டுக்கு முந்திய கணக்கெடுப்பைப் பார்த்து ஒவ்வொரு பகுதிக்கும் அளவை உயர்த்துவார்கள். விட்டத்தை மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில் அளக்க வேண்டும். அடியில் பலகை வேர் விரிந்திருந்தால் அதற்கு மேலே. வெட்டி முடித்த பிறகு 30 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ள விற்கத்தக்க மரங்கள் ஹெக்டேருக்குக் குறைந்தது 32 நிற்க வேண்டும்.

அந்த 30 செ.மீ. மரத்தை எடுத்துக்கொள்வோம். இந்த முறையை வகுத்தபோது, ஒரு மரம் ஆண்டுக்கு 0.8 முதல் 1 செ.மீ. வரை பருக்கும் என்று கணக்கிட்டார்கள். முப்பது வருடத்தில் 24 முதல் 30 செ.மீ. கூடும். ஆக 54 முதல் 60 செ.மீ. வெட்டும் அளவைத் தாண்டிவிட்டது. முப்பது வருடச் சுழற்சி, அதாவது ஒரு பகுதியை வெட்டிவிட்டு மறுபடி அங்கே வெட்ட வரும் வரையிலான காலம், இப்படி வந்ததுதான்.

சரி, உங்கள் காட்டில் மரம் ஆண்டுக்கு 0.5 செ.மீ. மட்டுமே பருத்தால்? முப்பது வருடத்தில் 45 செ.மீ.தான். 50-ஐத் தொட நாற்பது வருடம் ஆகும். இந்தப் பத்து வருட வித்தியாசம் ஆண்டு வெட்டில் எப்படி வரும் என்று பாருங்கள். 3,000 ஹெக்டேர் காடு, முப்பது வருடச் சுழற்சி என்றால் ஆண்டுக்கு 100 ஹெக்டேர். நாற்பது என்றால் 75. நீங்கள் முப்பது என்று நினைத்து வெட்டிக்கொண்டிருந்து உண்மை நாற்பதாக இருந்தால், ஒவ்வொரு வருடமும் 25 ஹெக்டேர் அதிகமாகச் சாய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். முப்பத்தோராம் வருடம் முதல் பகுதிக்குத் திரும்பி வரும்போது அங்கே 45 செ.மீ. மரங்கள் நிற்கும். அப்போது யாராவது ஒருவர், அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று சொல்லுவார்.

அதனால் திட்டம் எதைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி இது: இந்த வளர்ச்சி எண் எங்கே அளந்தது? இதே காட்டில் நிரந்தர அளவுப் பகுதிகள் அமைத்து, அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்து வந்ததா, இல்லை வேறு எங்கிருந்தோ எடுத்ததா? பதில் வராவிட்டால் சுழற்சிக் காலத்தை நீளமாகவே வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒப்பந்தக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. டிப்டெரோகார்ப் மரங்கள் நம் வீட்டு மாமரம் மாதிரி வருடா வருடம் காய்ப்பவை அல்ல. பல வருடம் சும்மா நிற்கும், திடீரென்று ஒரு வருடம் காடு முழுக்கப் பூத்துக் காய்த்து, அப்புறம் மறுபடியும் இடைவெளி. அந்த இடைவெளி இத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்த விதைக்குச் சில வாரங்கள்தான் உயிர், மண்ணில் கிடந்து காத்திருக்காது. நல்ல காய்ப்புக்கு முன்னால் தாய் மரங்களைச் சாய்த்துவிட்டால், கீழே நாற்று இல்லாத பகுதியில் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? ஆகவே வெட்டுக்கு முன் தரையில் நாற்றுக் கணக்கு எடுங்கள், விதை மரங்களாக எவை நிற்க வேண்டும் என்று குறியிடுங்கள், நாற்று இல்லாத பகுதியை ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போட ஒப்பந்தத்தில் இடம் விடுங்கள். ஒரே வருடத்தில் குறிப்பிட்ட பகுதியை வெட்டியே தீர வேண்டும் என்று எழுதிவிட்டால் காத்திருக்க வழியே இல்லை.

காலம் என்றால் எவ்வளவு நீளம் என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலம் அது. 1920களில் நட ஆரம்பித்தார்கள். இன்று தலையை அண்ணாந்து பார்த்தால் கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் வானத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும். நட்டவர்கள் யாரும் அதைப் பார்க்க இருந்திருக்க மாட்டார்கள்.

திட்டம்: முப்பதும் பத்தும் ஐந்தும் ஒன்றும்

மேலாண்மைத் திட்டத்தின் காலமும் ஒப்பந்தத்தின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இருக்கவும் கூடாது. திட்டம் காட்டின் பக்கம் பேசுவது. ஒப்பந்தம் இரண்டு ஆட்களுக்கு நடுவில் உள்ளது.

திட்டத்தில் நான் எதிர்பார்ப்பது நான்கு அடுக்கு. குறைந்தது ஒரு முழுச் சுழற்சிக்கான வரைபடம், முடிந்தால் இரண்டு சுழற்சி: எந்தப் பகுதி எந்த வருடம், முப்பத்தோராம் வருடம் எங்கே திரும்பி வருகிறோம் என்பது அந்தப் படத்தில் தெரிய வேண்டும். அதற்குள் பத்து வருடத்துக்கு விவரமான திட்டம், பாதை, ஆற்றோரத்தில் வெட்டாமல் விடும் பகுதி, எடுக்கும் கன அளவு எல்லாவற்றோடும். ஐந்தாம் வருடம் ஒரு அளவெடுப்பும் திருத்தமும். பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வேலைத் திட்டம். முப்பது வருடத்துக்கும் விவரமாக எழுதித் தருகிறேன் என்று யாராவது கட்டுக்கட்டாகத் தாள் கொண்டு வந்தால் அதில் பெரும்பகுதி ஊகம். பத்து வருடம் மட்டும் எழுதி, முப்பது வருட வரைபடம் இல்லாவிட்டால் அது வெறும் வெட்டுப் பட்டியல்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களை நான் பேராக்கில் இருக்கும் கோலா செப்பெத்தாங் போய்ப் பார்க்கச் சொல்வேன். பினாங்குக்காரர்களுக்கு இன்னும் வசதி, பட்டர்வொர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் தைப்பிங் வழியாகப் போய்விடலாம். அங்கிருக்கும் மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டேர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டம் போட்டு நடத்தி வருகிறார்கள். சுழற்சி முப்பது வருடம், திட்டம் பத்து வருடத்துக்கு ஒன்று. இப்போது ஓடிக்கொண்டிருப்பது 2020 முதல் 2029 வரைக்கானது. அங்கே வளர்வது பெரும்பாலும் பாக்காவ் மரம், கரிக்குப் பேர்போனது. பதினைந்து வயதில் ஒருமுறை, இருபது வயதில் ஒருமுறை நெருக்கம் குறைப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு குச்சி. முதல் தடவை 1.2 மீட்டர், அடுத்த தடவை 1.8 மீட்டர். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, குச்சியை அதைச் சுற்றிக் காட்டி, குச்சி நீளத்துக்குள் வரும் மற்ற மரங்களை எடுத்துவிடுவார்கள். எடுத்தவை கட்டுமான வேலைக்குக் கழியாகப் போய்விடும், நிற்பவை இடம் கிடைத்துப் பருக்கும். முப்பதாம் வயதில் கடைசி வெட்டு, மரம் கரிச் சூளைக்கு.

அங்கே சூளை நடத்துபவர்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு பரப்பு என்றுதான் ஒதுக்கீடு. ஒரு தடவையில் கொடுக்கும் இடம் சின்னது, காலமும் குறுகியது. ஆனால் செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய சூளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது. பத்து வருடம் கழித்தும் அவருக்கு மரம் வேண்டும், அவர் பிள்ளைக்கும் வேண்டும். இப்போது கொடுத்த இடத்தை நாசம் செய்தால் அடுத்த ஒதுக்கீட்டில் அது பேசும். ஒப்பந்தம் குட்டை, உறவு நீளம்! இந்த அமைப்பை எங்கே உண்டாக்க முடிகிறதோ அங்கே பாதிக் கவலை தீர்ந்தது.

சபாவில் டெராமக்கோட் காடும் இதே மாதிரி பத்துப் பத்து வருடத் திட்டங்களில் நடப்பதுதான், சுமார் 55,000 ஹெக்டேர், 1995-ல் முதல் திட்டம், 1997-ல் காட்டைப் பொறுப்பாக நடத்துவதற்குக் கொடுக்கும் எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்றிதழ். அமெரிக்காவில் தேசியக் காடுகளின் திட்டங்களைக் குறைந்தது 15 வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்று 1976-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வனத்துறையின் செயல் திட்டம் பொதுவாகப் பத்து வருடம்.

திட்டத்தை முன்கூட்டியே திருத்த வேண்டிய சந்தர்ப்பங்களையும் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்: தீ, பெரு வெள்ளம், நெடுஞ்சாலைக்கு நிலம் போவது, அளந்த வளர்ச்சி கணக்கைவிடக் குறைவாக வருவது. மரத்தின் விலை ஏறுவது அந்தப் பட்டியலில் வரக்கூடாது.

வெட்டு மட்டும் என்றால்

இப்போது மூலையில் வைத்த ஒப்பந்தத்தை எடுக்கலாம். இதில் ஒரு கேள்விதான் முக்கியம்: எதிரில் இருப்பவர் மரத்தை எடுத்துக்கொண்டு போகப் போகிறாரா, இல்லை காட்டையே பார்த்துக்கொள்ளப் போகிறாரா?

எடுத்துக்கொண்டு போகிறவர் என்றால், வேலைக்குத் தேவையான காலம் மட்டும். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வருடம். அதை நாட்காட்டியில் பன்னிரண்டு மாதம் என்று எண்ணாமல், வேலை செய்ய முடிகிற மாதங்களாக எண்ணுங்கள். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை, சில வருடம் பிப்ரவரியிலும், மலைப்பாதையில் லோரி ஏறாது. மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பேய் மழை. ஒரு வருட உரிமம் செப்டம்பரில் கைக்கு வந்தது என்று வையுங்கள், சாமான் ஏற்றி ஆள் சேர்த்துப் போய் இறங்கும்போது மழை பிடித்துவிடும். மீதி மாதங்களில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் ஈர மண்ணில் இயந்திரத்தை விடுவார்கள், மண் இறுகிப்போகும், மரம் இழுத்த தடங்கள் மழையில் ஓடையாகும், நிற்க வேண்டிய மரங்களின் பட்டை உரியும். இங்கே காலம் போதாமல் வந்த கேடு இது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: இத்தனை வேலை மாதங்கள், இத்தனை நாளுக்கு மேல் தொடர் மழை பெய்து வேலை நின்றால், நின்ற நாட்கள் அளவுக்குத் தானாகக் காலம் நீளும், விலை சரியில்லை, ஆலை மூடியிருக்கிறது, இயந்திரம் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது என்பதற்கெல்லாம் நீட்டிப்பு கிடையாது.

விலைக்காக நீட்டிப்பு கிடையாது என்ற கடைசி நிபந்தனையை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. பேராக்கில் ஒரு குடும்பம், 40 ஏக்கர் சொந்த நிலம், பாதியில் பழைய ரப்பர், பாதியில் தாத்தா காலத்திலிருந்து தொடாமல் விட்ட காட்டு மரம். வாங்க வந்தவர் எட்டு வருடம் கேட்டார். வீட்டுப் பெரியம்மா என்னிடம், "தம்பி, எட்டு வருடம் என்றால் நிதானமாகத்தானே வெட்டுவார்கள், நல்லதுதானே?" என்று கேட்டார். நல்லதுதான் என்று நானும் சொன்னேன். ஒப்பந்தத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.

முதல் வருடம் வந்தார்கள், பெரிய மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு மூன்று வருடம் ஆளே இல்லை. பலகை விலை ஏறியதும் மறுபடி வந்தார்கள், முதல் தடவை போட்ட பாதை மண் சரிந்து மூடியிருந்தது, பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டினார்கள். ஏழாம் வருடம் மூன்றாவது முறை. அதற்குள் நிழல் விலகி நன்றாகப் பருக்க ஆரம்பித்திருந்த மரங்கள்தான் அந்த முறை போயின. ரப்பர் அப்படியே நின்றது, அதில் லாபம் குறைவு என்று தொடவே இல்லை. எட்டு வருடமும் அந்தக் குடும்பத்தால் மறுநடவும் செய்ய முடியவில்லை, வேறு யாருக்கும் விற்கவும் முடியவில்லை. நிதானமாக வெட்டுவதற்குக் கொடுத்த காலம் விலைக்காகக் காத்திருக்கும் காலமாகிவிட்டது. அந்தக் காத்திருப்புக்கு ஒரு காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டார் அவர்.

ஒரு பகுதிக்குள் நுழைவது ஒரு முறைதான், பாதையை மூடி வெளியேறிய பிறகு அடுத்த சுழற்சி வரை உள்ளே வரக்கூடாது. இதை எந்த ஒப்பந்தத்திலும் விடாமல் எழுதுங்கள். தனியார் நிலத்து மரத்தை வெளியே கொண்டுபோகவும் வன இலாகாவின் அகற்றல் உரிமம் வேண்டும் என்பதால், அந்த உரிமத் தேதியும் ஒப்பந்தத் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டையே பார்த்துக்கொள்பவர் என்றால்

நடுவது, பாதை பராமரிப்பது, காவல், அளவெடுப்பு எல்லாம் அவர் பொறுப்பு என்றால் ஒரு சுழற்சியைவிட நீண்ட காலம் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் பராமரிப்பதன் பலன் இன்னொருவருக்குப் போகும், அதற்காக யாரும் செலவு செய்ய மாட்டார்கள். இந்தோனேசியாவில் நடந்ததைப் பாருங்கள். 1970களில் கொடுத்த பெரிய காட்டு உரிமங்களுக்கு 20 வருடம், வெட்டுச் சுழற்சியோ 35 வருடம். ஒரு நிறுவனம் தான் முதல் வருடம் வெட்டிய இடத்துக்குத் திரும்பி வருவதற்கு 15 வருடம் முன்பே உரிமம் முடிந்துவிடும். நல்லவர் கெட்டவர் என்ற பேச்சே இதில் இல்லை, கணக்கே அப்படி வெட்டிக்கொண்டு போகச் சொன்னது.

சபா 1997-ல் வேறு பக்கம் போனது: நூறு வருட உரிமம், அதற்குள் பத்து வருடத் திட்டங்கள். சரவாக்கில் மரம் நடும் உரிமத்துக்கு 60 வருடம். எண்ணளவில் இவை சரியான பக்கம்தான். ஆனால் நூறு வருடம் கொடுத்துவிட்டால் மட்டும் ஒருவர் காட்டின் மேல் அக்கறை கொண்டுவிட மாட்டார். சபாவிலேயே வேலை செய்யாத சில உரிமங்களைப் பின்னால் ரத்து செய்ய வேண்டி வந்தது. அமெரிக்காவின் அலாஸ்காவில் 1950களில் காகிதக்கூழ் ஆலைகளுக்கு 50 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள், ஆலை வந்தால் ஊர் வளரும் என்று. காலம் மாறியது, மக்கள் காட்டைப் பார்க்கும் பார்வை மாறியது, ஒப்பந்தம் மட்டும் மாறாமல் நின்றது. கடைசியில் 1990-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதன் நிபந்தனைகளை மாற்றியது.

நீளமாகக் கொடுங்கள், ஆனால் மூன்றைப் பூட்டி வைக்காதீர்கள். விலை அல்லது ராயல்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திறந்து பேசலாம் என்று இருக்க வேண்டும். கன அளவுக்கு உத்தரவாதம் கொடுக்கவே கூடாது. திட்டம் அனுமதிக்கும் அளவே உச்சம், அளவெடுப்பில் குறைந்தால் ஒப்பந்தத்திலும் குறையும். மூன்றாவது புதுப்பிப்பு. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரியதாக நினைக்கிறேன்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பெரிய காட்டு உரிமங்களின் காலம் 25 வருடம், ஆனால் 25 முடியும் வரை காத்திருக்க மாட்டார்கள், இடையிலேயே பழையதை மாற்றிப் புதிதாக 25 வருடம் கொடுக்கலாம். இதை நம் அளவுக்குச் சுருக்கி எழுதலாம். முதலில் 35 வருடம். ஐந்தாம் வருடம் வெளியாள் ஒருவர் வந்து பார்க்கிறார்: நிற்கும் மரங்கள் எண்ணிக்கை சரியா, ஆற்றோரம் தொடாமல் இருக்கிறதா, பாதைகள் மூடப்பட்டனவா. தேறினால் ஐந்து வருடம் சேர்க்கப்படும், மறுபடி முழு 35 கையில். தேறாவிட்டால் சேர்க்கப்படாது, 30 மட்டும் மீதி, ஆண்டு வெட்டுப் பரப்பும் குறையும். இரண்டு முறை தொடர்ந்து தேறாவிட்டால் ஒப்பந்தம் முடிக்கப்படும். ஒழுங்காக வேலை செய்பவருக்குக் கடைசி வருடம் கிட்டவே வராது, ஏணி வைத்துச் சீவும் புத்தி வர வழியில்லை.

வைப்புத்தொகையும் நிலமும்

வெட்டுகிறவரிடம் உத்தரவாதமாக வாங்கி வைக்கும் வைப்புத்தொகையை வெட்டு முடிந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தப்பு. தேர்வு வெட்டு முறையிலேயே வெட்டுக்குப் பிந்திய கணக்கெடுப்பு இரண்டு முதல் ஐந்து வருடம் கழித்துத்தான். அடிபட்ட மரம் உடனே சாகாது, ஒன்றிரண்டு வருடத்தில்தான் தெரியும். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: வெளியேறும்போது ஒரு பங்கு, இரண்டாம் வருடம் பார்த்த பிறகு ஒரு பங்கு, ஐந்தாம் வருடக் கணக்குக்குப் பிறகு மீதி.

நிலம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் அலட்சியம் செய்யாதீர்கள். 1948-ல் மலாயாவில் கொண்டுவந்த பழைய காட்டு முறைக்கு எழுபது வருடச் சுழற்சி. நல்ல யோசனைதான், ஆனால் அது பொருந்திய தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி இரண்டாவது வெட்டு வருவதற்குள் ரப்பராகவும் செம்பனையாகவும் மாறிவிட்டது. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். சிலாங்கூரில் கோலா லங்காட் வடக்குக் காப்புக்காடு 1927 முதல் காப்புக்காடு. 2021-ல் அதன் ஒரு பகுதியை அரசிதழிலிருந்து நீக்கி, மக்கள் எழுப்பிய எதிர்ப்பில் அதே வருடம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். திட்டத்தின் ஆயுள் நிலத்தின் சட்டப் பாதுகாப்பைத் தாண்டி நீளாது. காப்புக்காடு என்றால் அரசிதழ் நிலையைப் பாருங்கள். சொந்த நிலம் என்றால் பட்டாவில் எத்தனை வருடம் மீதி என்று பாருங்கள், 60 வருடக் குத்தகை நிலத்தில் 22 மீதியிருந்தால் முப்பது வருடத் திட்டம் எப்படிப் பொருந்தும்?

மரத்தை மட்டும் விற்காமல் நிலத்தையே வாடகைக்கு விடுவதாக இருந்தால், நம் நிலச் சட்டப்படி மூன்று வருடத்துக்கு மேற்பட்டதைக் குத்தகையாக நில அலுவலகத்தில் பதிய வேண்டும். முழு நிலத்துக்கு உச்சம் 99 வருடம், நிலத்தின் ஒரு பகுதிக்கு 30. இதற்கு ஒரு வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

இன்னும் ஒன்று, முப்பது வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிற பெரியவர் அது முடியும்போது இருக்க மாட்டார். வாரிசுகள் எல்லாரும் கட்டுப்படுகிறார்களா, ஒருவர் மட்டும் தன் பங்கை விற்றால் என்ன ஆகும் என்று இப்போதே எழுதுங்கள். 1950களில் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்பது, நடந்தபோது நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அதைத் தடுக்கத்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். கூட்டாக வைத்திருக்கும் நிலத்தால்தான் ஒரு ஆயுளுக்கு மேல் நீளும் திட்டத்தைத் தாங்க முடியும். கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், மூன்று வருடப் பதவிக்காலத்துக்குள் லாபம் காட்ட வேண்டும் என்று மரத்தை விற்றுவிடாமல்.

பேராக் குடும்பத்தின் எட்டு வருடம் முடிந்த பிறகு மறுபடி அவர்களுடன் உட்கார்ந்தேன். ரப்பர் பாதிக்கு வேறொருவருடன் ஒப்பந்தம்: பதினான்கு வேலை மாதம், மழைக்கு மட்டும் நீட்டிப்பு, ஒரே முறை நுழைவு, வேர் எடுத்து நிலத்தைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகே கடைசிப் பணம். பதிமூன்றாம் மாதமே முடித்துவிட்டார்கள், மறுநடவும் ஆகிவிட்டது. காட்டுப் பாதிக்கு ஒப்பந்தமே போடவில்லை. ஐந்து இடங்களில் அளவுப் பகுதி குறித்து, மரங்களுக்குத் தகரத்தில் எண் தட்டி, மார்பு உயரத்தில் மஞ்சள் சாயத்தில் கோடு போட்டு, பெரியம்மாவின் பேரன்தான் நாடா பிடித்து முதல் அளவை எழுதினான். அடுத்த அளவு 2029 மார்ச்சில். அதுவரை மரம் வாங்க யார் வந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.